எஸ்இ-யா, எக்ஸ்எஸ்இ-யா? ராவ்4 பிரைம் வாங்கப் போகிறவர்களுக்கு

சித்தப்பா பையன் டாலஸ் பக்கம் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இரண்டாவது குழந்தை பிறந்ததும் இருந்த செடான் கார் போதவில்லை. ஒரு ராத்திரி ஃபோன் செய்தான். "அண்ணா, டொயோட்டா ராவ்4 பிரைம் ரெண்டு பார்த்து வச்சிருக்கேன். ரெண்டும் 2022 மாடல். ஒண்ணு எஸ்இ, இன்னொண்ணு எக்ஸ்எஸ்இ. எதை எடுக்கட்டும்?"

"ராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. சீட், திரை, கூரை என்று ஏதாவது கேட்பேன் என எதிர்பார்த்திருப்பான். ஆனால் பிளக்-இன் ஹைபிரிட் வண்டிக்கு டிரிம், அதாவது ஒரே மாடலில் வசதிக்கேற்ப வரும் வகை, பார்ப்பது மற்ற கார்களுக்குப் பார்ப்பது மாதிரி இல்லை. அன்றைக்கு அவனிடம் ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். அமெரிக்காவுக்கு வந்து, குடும்பத்துக்கென்று முதல் எஸ்யூவி தேடுகிறவர்களுக்கு இது உதவும். ராவ்4 பிரைமை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு: அதில் டிரிம் இரண்டே இரண்டுதான். அப்படியும் வாங்கி வந்த பிறகு தலையில் அடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

மாவு ஒன்றுதான்

முதலில், இரண்டு டிரிமுக்கும் இடையே எது மாறவில்லை என்று பாருங்கள்.

பிளக்-இன் ஹைபிரிடில் பெட்ரோல் எஞ்சினும் இருக்கும், சுவரில் செருகிச் சார்ஜ் செய்கிற பேட்டரியும் இருக்கும். பேட்டரி தீரும் வரை மின்சாரத்தில் ஓடும். தீர்ந்ததும், எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்து இழுக்கிற சாதாரண ஹைபிரிடாக மாறிவிடும். நடுவழியில் சார்ஜ் தீர்ந்து நிற்குமோ என்ற பயம் கிடையாது.

ராவ்4 பிரைம் என்ற பெயரில் 2021 மாடல் முதல் 2024 மாடல் வரை அமெரிக்காவில் விற்ற வண்டிகள் எல்லாவற்றிலும் 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், முன்னும் பின்னும் மின்மோட்டார், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. மொத்தம் 302 குதிரைத்திறன். பேட்டரி 18.1 கிலோவாட்-மணி. அரசாங்கச் சோதனைக் கணக்குப்படி ஒரு முழுச் சார்ஜில் 42 மைல், அதற்கப்புறம் பெட்ரோலில் ஒரு காலனுக்கு 38 மைல். எஸ்இ வாங்கினாலும் இதுதான், எக்ஸ்எஸ்இ வாங்கினாலும் இதுதான். தானாக பிரேக் பிடிப்பது, பக்கத்துத் தடத்தில் வண்டி வந்தால் கண்ணாடியில் விளக்கு காட்டுவது போன்ற பாதுகாப்பு வசதிகளும் இரண்டிலும் உண்டு. பேட்டரிக்கு 10 வருஷம் அல்லது 150,000 மைல் வாரண்டி. வண்டி கை மாறினாலும் அது கூடவே வரும்.

மாவு ஒன்றுதான். ஒன்று சாதா தோசை, இன்னொன்று நெய் ரோஸ்ட். இதை எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எக்ஸ்எஸ்இ-யை ஓட்டிக் காட்டும்போது விற்பனையாளர் அந்த 302 குதிரையைப் பற்றித்தான் பேசுவார். எஸ்இ-யிலும் அதே குதிரைகள்தான் இருக்கின்றன என்று சொல்ல மாட்டார்.

ராத்திரி வண்டி எங்கே நிற்கும்?

அடுக்குமாடியில் குடியிருக்கிறீர்கள், திறந்தவெளி பார்க்கிங், பக்கத்தில் ப்ளக் பாயிண்ட் கிடையாது என்றால், இந்த இரண்டு டிரிமும் வேண்டாம். சாதாரண ராவ்4 ஹைபிரிட் போதும். காலனுக்கு 40 மைல் கொடுக்கும். பிரைமைவிட டிக்கியில் இடமும் அதிகம். சார்ஜே செய்யாமல் பிளக்-இன் ஓட்டுவது, பெரிய பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு திரிவதுதான்.

வீட்டில் கராஜ் இருக்கிறதா? அப்படியென்றால் சுவரில் இருக்கும் சாதாரண 120 வோல்ட் சாக்கெட் போதுமா என்று பாருங்கள். அதில் செருகினால் காலியான பேட்டரி நிறைய ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஏழு மணிக்கு வந்து மறுநாள் காலை ஏழுக்குக் கிளம்புகிற வீட்டுக்கு அது தாராளம்.

240 வோல்ட் இணைப்பு இருந்தால்தான் டிரிம் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கிறது. எஸ்இ-யில் 3.3 கிலோவாட் சார்ஜர், நிறைய நாலரை மணி நேரம். இன்னொரு வகையில் 6.6 கிலோவாட், அதற்கு இரண்டரை மணி நேரம்.

இங்கேதான் புதியவர்கள் நிறையப் பேர் குழம்புகிறார்கள். சார்ஜர் என்று நாம் சொல்வது சுவரில் மாட்டுகிற பெட்டியை இல்லை. உண்மையான சார்ஜர் வண்டிக்குள் இருக்கிறது. வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுப்பது அதுதான். சுவர்ப்பெட்டி வெறும் குழாய். எவ்வளவு பெரிய பெட்டி மாட்டினாலும் எஸ்இ 3.3-க்கு மேல் இழுக்காது. எஸ்இ வாங்கிவிட்டு, ஆயிரக்கணக்கில் செலவழித்து 48 ஆம்பியர் பெட்டி மாட்டியவர் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கிறார். "அடுத்த காருக்கு உதவும்" என்று இப்போது சொல்லிக்கொள்கிறார்.

சரி, 6.6 யாருக்குத் தேவை? ஒரே நாளில் இரண்டு முறை 30, 40 மைல் ஓடுகிறவர்களுக்கு. மத்தியானம் வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் செருகிவிட்டு, சாயங்காலம் பிள்ளைகளை நீச்சலுக்கும் பாட்டுக்கும் கூட்டிப்போகிற வீடுகளுக்கு. பொதுச் சார்ஜரை நம்பி இருப்பவர்களுக்கும், அதுவும் மணிக்கணக்கில் காசு வாங்கும் இடமாக இருந்தால், கட்டாயம். மற்றவர்கள் இதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

120 வோல்ட்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கராஜ் சாக்கெட் பெரும்பாலும் தனி லைனில் இருக்காது. வண்டி 12 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிரேக்கருக்கு அதுவே எல்லை. எங்கள் வீட்டில் அதே லைனில் கராஜ் ஃப்ரீசரும் இருந்தது எனக்குத் தெரியாது. முதல் ராத்திரி வண்டியைச் செருகிவிட்டுத் தூங்கிவிட்டோம். எப்போதோ பிரேக்கர் விழுந்திருக்கிறது. காலையில் பார்த்தால் பேட்டரியும் பாதி, ஃப்ரீசரில் இருந்த துருவிய தேங்காயும் பரோட்டா பாக்கெட்டுகளும் நனைந்து தரையில் தண்ணீர். அன்றைக்கு மூன்று வேளையும் பரோட்டாதான். ஆகவே வாங்குவதற்கு முன்பே எந்த பிரேக்கரை அணைத்தால் எது அணைகிறது என்று ஒரு முறை பார்த்து வையுங்கள். செருகி ஒரு மணி நேரம் கழித்து ப்ளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று: சார்ஜ் செருகும் இடம் வண்டியின் வலது பின்பக்கம், பெட்ரோல் மூடி இடது பக்கம். கராஜுக்குள் வண்டி நிற்கும் நிலையில், சாக்கெட்டிலிருந்து அந்த மூலைக்குக் கேபிள் எட்டுமா என்று அளந்துவிடுங்கள்.

பதினான்கு வாய்ப்பாடு

மின்சாரத்தில் ஓட்டுவது எப்போதும் மலிவு என்று நினைக்க வேண்டாம். இந்த வண்டி 100 மைலுக்குச் சுமார் 36 யூனிட் (கிலோவாட்-மணி) எடுக்கும். பெட்ரோலில் ஒரு காலனுக்கு 38 மைல். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு காலன் பெட்ரோலுக்குச் சமமான தூரம் போக ஏறக்குறைய 14 யூனிட் மின்சாரம் வேண்டும். எனவே உங்கள் பில்லில் இருக்கும் யூனிட் விலையை 14-ஆல் பெருக்குங்கள். வருகிற தொகை, பக்கத்து பெட்ரோல் பங்கில் ஒரு காலன் விலையைவிடக் குறைவாக இருந்தால் செருகுங்கள்.

தம்பியின் பில்லில் யூனிட் 15 சென்ட்; பெருக்கினால் 2 டாலர் 10 சென்ட். அவனுக்கு லாபம். கலிஃபோர்னியாவில் சில திட்டங்களில் உச்ச நேரக் கட்டணம் 40 சென்ட்டைத் தாண்டும். அங்கே பெருக்கினால் 5 டாலர் 60 சென்ட்டுக்கு மேல் போகும், பெட்ரோலே தேவலை. அப்படிப்பட்ட ஊரில், கட்டணம் குறையும் நள்ளிரவுக்குப் பிந்தைய சில மணி நேரத்துக்குள் பேட்டரியை நிறைத்தாக வேண்டும். 6.6 அங்கே ஆடம்பரம் இல்லை. ஊரைப் பொறுத்து டிரிம் மாறுவது இப்படித்தான்.

ஸ்டிக்கரைக் கேளுங்கள்

மேலே "இன்னொரு வகை" என்று சொன்னேனே, அது எக்ஸ்எஸ்இ இல்லை. இதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். எக்ஸ்எஸ்இ வாங்கினாலே 6.6 வந்துவிடும் என்பது தவறு. 2021 மாடலில் சாதாரண எக்ஸ்எஸ்இ-யிலும் 3.3 தான். எக்ஸ்எஸ்இ-யோடு பிரீமியம் பேக்கேஜ் என்ற தொகுப்பையும் சேர்த்து வாங்கிய வண்டியில்தான் 6.6 இருந்தது. கனடாவில் இதே மாதிரித் தொகுப்புக்கு டெக்னாலஜி பேக்கேஜ் என்று பெயர். ஆக, பெயருக்கு டிரிம் இரண்டு, நடைமுறையில் மூன்று.

பழைய கார் விளம்பரங்களில் "எக்ஸ்எஸ்இ, எல்லா வசதியும் உண்டு" என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அதை நம்ப வேண்டாம். அமெரிக்காவில் புதுக் கார் ஒவ்வொன்றின் ஜன்னலிலும் விலை, வசதிகள், கூடுதல் தொகுப்புகள் எல்லாம் அச்சிட்ட தாள் ஒட்டியிருக்க வேண்டும் என்பது 1958 முதல் சட்டம். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயராலேயே அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். பழைய கார் என்றாலும் அதன் நகலை டீலரிடம் கேளுங்கள். பெரும்பாலும் எடுத்துத் தருவார்கள். அதில் கூடுதல் தொகுப்புகள் பகுதியை வரி வரியாகப் படியுங்கள். பிரீமியம் என்ற சொல் இல்லையென்றால், 6.6 இருக்கிறது என்று நீங்களே உறுதி செய்யாமல் நம்பாதீர்கள்.

பெரிய கண்ணாடிக் கூரையும், முன்கண்ணாடியில் வேகம் தெரியும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயும் அந்தத் தொகுப்போடு வருபவை. அவை இருந்தால் ஓரளவு நம்பலாம். சந்தேகம் தீரவில்லையா? ஓட்டிப் பார்க்கும்போது ஏதாவது பொதுச் சார்ஜரில் ஐந்து நிமிஷம் செருகுங்கள். பேட்டரி நிறைந்திருக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜரின் திரையிலோ ஃபோன் செயலியிலோ எத்தனை கிலோவாட் ஏறுகிறது என்று தெரியும். மூன்று சொச்சமா, ஆறு சொச்சமா என்று அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியே டிக்கியைத் திறந்து, வண்டியோடு வந்த 120 வோல்ட் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் கராஜில் தொங்கவிட்டுவிட்டு வண்டியை மட்டும் விற்றிருப்பார். நிறைய நடக்கிறது.

உட்கார்ந்து பாருங்கள்

இனி கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்கள். தனியாகப் போகாதீர்கள், குழந்தைகள், கார் சீட், ஸ்ட்ரோலர் எல்லாவற்றோடும் போங்கள்.

எஸ்இ-யில் துணி சீட். எக்ஸ்எஸ்இ-யில் சாஃப்டெக்ஸ் என்கிற செயற்கைத் தோல். கடைக்காரர் இதை அழகு என்பார். எனக்கு இது சாம்பார் பிரச்சினை. நண்பர் ஒருவர் பாட்லக் விருந்துக்கு ஐந்து குவார்ட் பாத்திரத்தில் சாம்பாரைப் பின்சீட்டில் வைத்து எடுத்துப் போனார். ரூட் 1-இல் ஒருவர் சட்டென்று குறுக்கே வந்தார், பிரேக். துணி சீட் அது. எத்தனை முறை கழுவியும், வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் இரண்டு மாதம் பெருங்காய வாசனை அடித்தது. செயற்கைத் தோல் என்றால் துடைத்துப் போட்டிருக்கலாம். மறுபக்கம், டெக்சாஸ், அரிசோனா வெயிலில் நின்ற காரில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் அந்தத் தோல் சீட் தொடையைச் சுடும். சிறு குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு என் ஓட்டு எக்ஸ்எஸ்இ சீட்டுக்கே. ஆனால் நல்ல சீட் கவரும் இதில் பாதி வேலையைச் செய்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சக்கரம்: எஸ்இ-க்கு 18 அங்குலம், எக்ஸ்எஸ்இ-க்கு 19. பார்க்க 19 எடுப்பாக இருக்கும். ஆனால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகிவிடுவதால் பள்ளத்தில் விழுந்தால் இடுப்புக்குத் தெரியும். டயர் மாற்றும்போது பில்லிலும் தெரியும். பனிக்காலம் முடிந்ததும் ரோடெல்லாம் குழியாகிற நியூ ஜெர்சியில் இருக்கும் எனக்கு 18-தான் பிடிக்கும்.

வண்ண விளக்கு, வயரில்லாமல் ஃபோன் சார்ஜ் செய்யும் தட்டு எல்லாம் எக்ஸ்எஸ்இ பக்கம். திரை 2021, 2022 மாடல்களில் எஸ்இ-க்கு 8 அங்குலம், எக்ஸ்எஸ்இ-க்கு 9. இரண்டிலும் உங்கள் ஃபோனின் வரைபடம்தான் ஓடப்போகிறது. ஒரு அங்குலத்துக்காக அலட்டிக்கொள்ள வேண்டாம். உயரமானவர்கள் கண்ணாடிக் கூரை வைத்த வண்டியில் பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து தலை இடிக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

டிக்கி இரண்டு டிரிமிலும் ஒன்றுதான்: 33.5 கன அடி. சாதாரண ஹைபிரிடில் 37.5. வித்தியாசத்தை உள்ளே இருக்கும் பேட்டரி தின்றுவிட்டது. ஸ்ட்ரோலரை மடித்து வைத்து, அதன் பக்கத்தில் ஒரு 20 பவுண்டு அரிசி மூட்டையும் இரண்டு பால் கேனும் நிற்கிறதா என்று கற்பனை செய்து பார்க்காதீர்கள். நிஜமாகவே வைத்துப் பாருங்கள்.

குளிர் ஊர்க்காரர்களுக்கு

இந்த வண்டியில் ஹீட் பம்ப் இருக்கிறது; வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உள்ளே இழுத்துக் கொடுக்கும் கருவி அது. வழக்கமான குளிருக்கு எஞ்சின் இல்லாமலே உள்ளே சூடாகும். சுமார் 14 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், பேட்டரி நிறைந்திருந்தாலும் சூட்டுக்காக எஞ்சின் ஓட ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், பழுதில்லை. முன்சீட் சூடாக்கும் வசதி எஸ்இ-யிலேயே உண்டு. ஸ்டியரிங் சூடாகும் வசதி எல்லா வண்டியிலும் இருக்காது, தொகுப்பைப் பொறுத்தது. மினசோட்டா, டொரொண்டோ பக்கம் இருப்பவர்கள் இதைத் தேடி வாங்கலாம். உடம்பும் கையும் நேரடியாகச் சூடானால் காற்றைச் சூடாக்கும் அளவைக் குறைக்கலாம். அத்தனை மைல் பேட்டரியில் மிச்சம்.

விலை பேசும்போது

2021 மாடல் வந்தபோது எஸ்இ 38,100 டாலர், எக்ஸ்எஸ்இ 41,425. டெலிவரிக் கட்டணம் தனி. வித்தியாசம் 3,325. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பழசாக ஆக இந்த இடைவெளி சுருங்க வேண்டும். இரண்டு பழைய வண்டிகளுக்கு நடுவே அதைவிட அதிகம் கேட்டால், வெள்ளையா கறுப்பா என்பதற்கெல்லாம் சேர்த்துக் காசு கேட்கிறார் என்று அர்த்தம். பிரீமியம் தொகுப்பு இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

நான் வாங்கப் போன ஒரு கடையில் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. "சந்தை நிலவரச் சரிக்கட்டு" என்று ஒரு பெரிய தொகை, டயரில் நைட்ரஜன் அடைத்ததற்கு ஒரு தொகை, கதவு விளிம்பில் ஒட்டிய பிளாஸ்டிக்குக்கு ஒரு தொகை. நம் காற்றில் நாலில் மூன்று பங்குக்கு மேல் நைட்ரஜன்தான் என்று சொன்னேன். விற்பனையாளர் சிரித்தார், விலையைக் குறைக்கவில்லை. கிளம்பி வந்துவிட்டேன். நீங்களும் கிளம்பலாம். இந்த வண்டி வேறு கடைகளிலும் கிடைக்கும்.

இணையத்தில் கிடக்கும் பழைய கணக்குகளில் 7,500 டாலர் வரிச் சலுகையைக் கழித்துக் காட்டியிருப்பார்கள். ஜப்பானில் தயாராகும் இந்த வண்டிக்கு அது 2022 ஆகஸ்டிலேயே போய்விட்டது. புது, பழைய மின்வண்டிகளுக்கான மத்திய அரசுச் சலுகை மொத்தமாகவே 2025 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அதே தேதியில்தான் கலிஃபோர்னியாவில் கார்பூல் தடத்தில், அதாவது பலர் சேர்ந்து போகும் வண்டிகளுக்கான தடத்தில், தனி ஆளாகப் போக உதவிய ஸ்டிக்கரும் காலாவதியானது. பம்பரில் அந்த ஸ்டிக்கர் இருக்கிறது என்று விலை ஏற்றினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

வேறு வண்டி பார்க்கிறவர்களும் இதே வரிசையில் கேளுங்கள்: பிளக், ஸ்டிக்கர், அப்புறம் சீட். ஹூண்டாய் டூசான் பிளக்-இன்னில் சார்ஜர் 7.2 கிலோவாட், எந்த டிரிம் என்று இந்தக் கவலையே இல்லை. ஆனால் மின்சாரத் தூரம் 30 மைல் சொச்சம்தான். மிட்சுபிஷி அவுட்லேண்டரில் மூன்றாவது வரிசை உண்டு, அப்பா அம்மா ஊரிலிருந்து வந்தால் உதவும். ராவ்4-இலேயே 2025-இல் பிரைம் என்ற பெயர் போய் வெறும் பிளக்-இன் ஹைபிரிட் ஆனது. 2026 புதுத் தலைமுறையில் வேகச் சார்ஜ் வசதி வந்திருக்கிறது, எல்லா டிரிமிலும் இல்லை. பழைய கதை மறுபடியும்.

தம்பிக்கு வேலைக்குப் போக 17 மைல், வர 17 மைல். கராஜில் சாக்கெட் இருக்கிறது, ராத்திரி முழுக்க வண்டி வீட்டில். "அப்போ எஸ்இ போதும்னு சொல்றீங்க" என்றான். போதும் என்றேன். பக்கத்திலிருந்து அவன் மனைவி, "சீட் கவர் நான் பாத்துக்கறேன்" என்றாள். போன வாரம் எஸ்இ-யைச் சார்ஜில் போட்டிருக்கும் படம் ஒன்று அனுப்பியிருந்தான். சுவரோரம் ஃப்ரீசர் இருந்த இடம் காலியாக இருந்தது.